தலையெழுத்தல்ல, சட்டத்தின் எழுத்து
(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பிரஜாவுரிமை என்பதாகும். இது வக்கீல்மார்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் உரிய சங்கதி, உழுகிறவனுக்கும் கூலி வேலை செய்கிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைத்ததால் கெட்டவர்கள் ஒருவர் இருவரல்ல. லட்சக்கணக்கான ஜனங்கள் கெட்டார்கள். அவர்கள் அந்நியர்களுமல்ல. இந்த நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார்களால் கூட்டிச் செல்லப்பட்டவர்களும், அவர்கள் வயிற்றில் பிறந்தவர்களுமேயாவார்கள்.

அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது அவர்கள் தலையெழுத்து, நாம் என்ன செய்வது?" என்று சொல்லுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தோழர்களே, அது யார் எழுதிய எழுத்து என்று நாம் கேட்கிறோம். பிரம்மாவா எழுதினான்? 1948-ம் வருஷத்தில் கொழும்பு பார்லிமெண்டில் உட்கார்ந்த மனிதர்கள் எழுதினார்கள். அந்தச் சட்டத்துக்கு நம்பர் உண்டு, தேதி உண்டு. தலையெழுத்துக்கு நம்பரும் தேதியும் உண்டா?

அந்தச் சட்டம் சொன்னது என்ன? 1948 நவம்பர் 15-க்கு முன் இலங்கையில் பிறந்தவன் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால், அவன் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவன் தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனைப் பெற்ற பாட்டனும், அந்தப் பாட்டனைப் பெற்ற பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் மருத்துவச்சி கையில் பிறந்து, "பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தான்" என்று மட்டும் ஞாபகம் வைக்கப்பட்டவனுடைய தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கேயிருந்து வரும்? இந்தக் கேள்வியைக் கொழும்பிலிருந்த கனவான்களை நோக்கிக் கேட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் பூட்டனுடைய பத்திரத்தைக் காட்டியிருப்பார்கள்? ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவன் கூலிக்காரன்தான்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று வந்ததே தவிர தாய்வழிக்கு அதில் பொதுவாக இடமில்லை. பத்து மாதம் சுமந்து பெற்றவள், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலையேறி அந்த நாட்டுக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்தவள், தன் பிள்ளைக்கு ஒரு நாட்டைக் கொடுக்க யோக்கியதை அற்றவளாம்! தாய்வழியிலும் பிரஜாவுரிமை உண்டு என்று அந்தச் சட்டத்தைத் திருத்துவதற்கு 2003-ம் வருஷம் வரை ஆயிற்று. வம்சம் என்றால் ஆண்தான் என்னும் மூடத்தனம் வீட்டோடும் கோயிலோடும் நிற்கவில்லை, பார்லிமெண்டு வரையில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நிற்க. 1949-ல் இன்னொரு சட்டம் செய்து, மனுச் செய்துகொண்டால் பதிவுப் பிரஜையாகலாம் என்றார்கள். அதற்கு நிபந்தனைகளைக் கேளுங்கள். 1946 ஜனவரி 1-க்கு முன் கலியாணமானவன் 7 வருஷமும், ஆகாதவன் 10 வருஷமும் தொடர்ச்சியாக இலங்கையில் குடியிருந்திருக்க வேண்டும். பிறகும் மனுப் போடும் நாள் வரையில் அப்படியே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. பிழைப்புக்கு வழியுண்டு என்று காட்ட வேண்டும். மனைவியும், அவனை நம்பியிருக்கும் சிறு பிள்ளைகளும் அங்கேயே குடியிருந்தார்கள் என்றும் காட்ட வேண்டும். ஆகவே குடும்பத்தில் ஒருவருடைய கணக்கு இடறினாலும் எல்லோருடைய மனுவும் இடறிற்று. மனுவுக்குக் கெடு இரண்டே வருஷம், 1951 ஆகஸ்டோடு முடிந்தது.

அந்த இரண்டு வருஷத்தில் நம்மவர்கள் செய்தது என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அநீதியான சட்டத்தின்கீழ் மனுப் போடுவதில்லை என்று தலைவர்கள் முதலில் பகிஷ்காரம் செய்தார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் கெடு கோபத்துக்காகக் காத்திருக்குமா? கடைசியில் போடச் சொன்னபோது நாள் குறைந்துவிட்டது. சுமார் 8 லட்சம் ஜனங்களுக்காக மனுக்கள் குவிந்தன. அதில் 1964 வரையில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேரே. இதற்கிடையில் ஓட்டும் போயிற்று. 1947-ல் தோட்டத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் சார்பில் 7 பேர் பார்லிமெண்டுக்குப் போனார்கள். 1952-ல் ஒருவர்கூட இல்லை. காகிதம் போனால் ஓட்டுப் போகும், ஓட்டுப் போனால் வாயும் போகும் என்பது இதுதான்.

பிறகு 1964 அக்டோபர் 30-ல் இரண்டு நாட்டுப் பிரதம மந்திரிகள், சாஸ்திரியும் சிறிமாவோவும், ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடுமாடுகளைப் பிரிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? ஒப்பந்தம் செய்யுமுன் பிரிக்கப்பட்டவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பின்னால் மனுக் கேட்டபோது தெரிந்தது சங்கதி. இந்தியாவுக்கு மனுப் போட்டவர்கள் சுமார் 4 லட்சம், இலங்கைக்குப் போட்டவர்கள் சுமார் 7 லட்சம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த மண் முன்பின் பாராத மண். அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்" என்று இரண்டு கரையிலும் அந்நியராக்கப்பட்டார்கள்.

மனிதன் எழுதியதை மனிதனேதான் அழிக்கவும் வேண்டியிருந்தது. 1988-லும் 2003-லும் இலங்கையில் செய்த சட்டங்களால், 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே நிலையாக இருந்தவர்களும் அவர்கள் சந்ததிகளும் பிரஜைகளானார்கள். இதை எந்தச் சாமியும் செய்யவில்லை. தொழிற்சங்கமும் ஓட்டும் கிளர்ச்சியும் செய்தன. தலையெழுத்தாயிருந்தால் 55 வருஷத்தில் மாறியிருக்குமா?

இங்கேயோ வேலை இன்னும் முடியவில்லை. இந்தியச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன் வரை இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை. அதன் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாயிருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராய் இருக்கவும் கூடாது. ஆகவே முகாமில் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் பிரஜை, தம்பி நாடற்றவன் என்னும் வேடிக்கை நடக்கக்கூடும். 2019-ல் செய்த திருத்தமோ மூன்று நாடுகளின் பேரையும் ஆறு மதங்களின் பேரையும் சொல்லிற்று. அதில் இலங்கை இல்லை. ஆபத்துக்குப் பயந்து ஓடிவந்தவனிடம் "நீ எந்த நாடு, எந்த மதம்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே! இவ்வளவையும் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவதானால் நாம் பேசியதில் பிரயோஜனமில்லை. பிள்ளை பிறந்தவுடன் ஜாதகம் எழுத ஓடுகிறீர்கள். ஜாதகத்தை எந்தக் கச்சேரியாவது அத்தாட்சியாக ஒப்புக்கொள்ளுகிறதா? ஜோசியருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, 21 நாளைக்குள் பிறப்பைப் பதிந்து பத்திரத்தை வாங்கி வையுங்கள். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் அட்டையிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே தேதி இருக்கட்டும். மனுப் போட்டால் நகல் வைத்துக்கொள்ளுங்கள், ரசீது வாங்குங்கள். மூலப் பத்திரத்தைத் தரகன் கையில் கொடுக்காதீர்கள். வாசித்துக் காட்டாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அப்பீலுக்குக் கெடு எந்த நாள் என்று கேளுங்கள். பெண்டுகளின் பத்திரம் பெண்டுகளின் பேரிலும் அவர்கள் கையிலும் இருக்கட்டும்.

நேர்த்திக்கடனுக்காகச் செலவிடும் ஒரு நாளை உங்கள் பக்கத்திலிருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதில் செலவிடுங்கள். மனிதனுக்கு மனிதன் செய்யும் தொண்டு அதுவே.