வீடு மட்டும் போதுமா?
(தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்து வாழ்க்கையைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. கொக்கிப் புழு நம் பிள்ளைகளின் இரத்தத்தைக் குடித்ததை மறக்க முடியுமா? ஆனாலும், விடியுமுன் தாயும் தகப்பனும் பால் வெட்டப் போனால், ஆயாக்கொட்டகையில் குழந்தையைப் பார்க்க ஆள் இருந்தது. ஓடியாடத் திடல் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. இரக்கத்தால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கும் விற்கப்பட்டன. நம்மவர் பலர் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். குழாய்த் தண்ணீர் உண்டு, மின்சாரம் உண்டு. பிள்ளை வளர்ந்ததா?

கோலாலம்பூரில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆராய்ந்து, ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியம் 2018-இல் அறிக்கை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 22 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 பேருக்கு எடை இல்லை. எல்லா இனத்துக் குழந்தைகளும் இதில் அடக்கம்.

மீனும் கீரையும் விலை அதிகம். மீயும் சர்க்கரைத் தண்ணீரும் மலிவு. வயிறு நிறைகிறது, எலும்பு வளரவில்லை. பெற்றோர் வேலைக்குப் போனால் பிள்ளை பூட்டிய கதவுக்குள். பக்கத்து வீட்டாருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

ஆகவே தோழர்களே! தோட்டத்தை விட்டு வெளியேறச் சொன்னால், வீடு மட்டும் கேட்காதீர்கள். குழந்தைக் காப்பகம் கேளுங்கள், திடல் கேளுங்கள், நடந்து போகும் தூரத்தில் பள்ளி கேளுங்கள். ஏற்கனவே நகரத்தில் இருப்போரே, பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். முறைபோட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பிள்ளையை வளர்ப்பது சுவரல்ல, சுற்றியிருக்கும் மனிதர்களே!