கூரை கழலும் கார்கள்



சித்தூர், திருப்பதி வாழ் தமிழ்க் குடும்பங்கள் கூடிய இவ்விழாவில் யாம் கார்களைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் காலனி இளைஞர் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கியுள்ளார். 1944இல் திறக்கப்பட்ட திருமலை மலைப்பாதையில் வானம் பார்த்தவாறு இறங்கி வர வேண்டுமென்று, அதன் கூரையை அறுத்தெடுக்க எண்ணியிருக்கிறார். அவ்வாசையை யாம் பழிக்கவில்லை. அறுக்குமுன் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறோம்.

கூரை கழலும் கார் நமக்குப் புதிதன்று. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அத்தகையதே. 1959இல் இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டியை வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. உடற்கூடு செய்து தந்த பெரிய ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிட்டமையால், உடலைப் பகுதி பகுதியாகச் செய்து போல்ட்டால் பூட்டினர். ஆகவே, கூரையையும் கழற்றலாம். பாரம் முழுவதையும் அடியிலுள்ள சட்டமே தாங்கிற்று.

அதே மிக்கெலோட்டி வரைந்த டிரையம்ப் டி.ஆர்.4 என்னும் பந்தயக் கார் 1961இல் வெளிவந்தது. அதில் பின்கண்ணாடிச் சட்டம் நிலைத்து நிற்க, தலைக்கு மேலுள்ள தகட்டை மட்டும் எடுக்கலாம். 1965இல் போர்ஷே நிறுவனம், வண்டி கவிழ்ந்தாலும் தலையைக் காக்கும் உறுதியான வளைவொன்றை அமைத்து, சிசிலித் தீவின் பந்தயத்தை நினைந்து 'டார்கா' எனப் பெயரிட்டது. திறந்த கூரையிலும் காவலை மறந்தாரில்லை.

இப்போதைய கார்கள் வேறு. இரயில்வேக் குடும்பத்தார்க்கு இது எளிதில் விளங்கும். பழைய மரப்பெட்டி அடிச்சட்டத்தின்மேல் அமர்ந்தது. 1955இல் தொடங்கிய பெரம்பூர்த் தொழிற்சாலையின் பெட்டியிலோ தளமும் சுவரும் கூரையும் ஒன்றாய்ப் பாரம் சுமக்கின்றன. இன்றைய காரும் அவ்வாறே. கூரையை அறுத்தால் உடல் தளரும், கதவு பொருந்தாது, வளைவுகளில் வண்டி முறுக்கும், கவிழ்ந்தாலோ காப்பில்லை.

தயாரித்தவர் வகுத்த அமைப்பை மாற்றலாகாது என்பதை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை எடுத்துக்காட்டி 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் உறுதிப்படுத்தியுள்ளது.

தம்பி! வானம் எங்கும் போய்விடாது. கழற்றுவதற்கென்றே செய்த வண்டியைத் தேடுங்கள்; காலம் ஆகட்டும். அது கிடைக்கும் நாளில் எம்மையும் ஏற்றிச் செல்லுங்கள். அதுவரை உம் அன்னையார் கவலையின்றி உறங்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!