அறுந்த இழையும் ஆறிப்போன உள்ளமும்



திருவெளிப்பாடு நூலில் ஏழு திருச்சபைகளுக்கு ஆண்டவர் மடல் எழுதச் சொல்கிறார். அவற்றில் கடைசி, இலவோதிக்கேயா. நம் காஞ்சிபுரத்தைப் போல அதுவும் துணிக்குப் பேர்போன ஊர். அங்கே கிடைத்த கறுப்புக் கம்பளிக்கு அந்நாளில் நல்ல மதிப்பு. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, உரோமை அரசின் உதவியின்றித் தன் கைப்பணத்தாலேயே எழுந்து நின்ற செல்வ நகரம் அது. அந்த ஊர்ச் சபையைத்தான் வெதுவெதுப்பானது என்று ஆண்டவர் கண்டிக்கிறார் (திவெ 3:14-22). கவனியுங்கள், அவர்கள்மேல் கொலைக் குற்றமோ களவுக் குற்றமோ சாட்டப்படவில்லை. தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தார்கள். அதுவே அவர்களுடைய குறை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் புனித வாழ்வைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்க உரையில் இதையே எச்சரித்தார். பெரிய பாவம் எதுவும் செய்யவில்லை என்று நிம்மதியாக இருப்பவர் மெல்ல மெல்ல மந்தமாகிவிடலாம். அந்த நிலை, பாவத்தில் விழுந்தவரின் நிலையைவிட மோசமானது என்றார். விழுந்தவருக்கு வலிக்கும், வலித்தால் எழப் பார்ப்பார். மந்தமானவருக்கோ வலியே தெரியாது.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் அப்போதே நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். ‘ஓர் இழைதானே’ என்று விட்டால் அந்தக் கோடு நெய்ய நெய்யக் கூடவே ஓடும். நெய்த பகுதி மரத்தில் சுற்றிக்கொண்டே போவதால் பழுது மறைந்திருக்கும். சேலையை அறுத்து விரிக்கும் நாளில்தான் முழுதும் தெரியும். நம் உள்ளமும் அப்படித்தான். ஒருநாள் செபம் தவறுகிறது. ஒப்புரவு அருட்சாதனம் அடுத்த தவக்காலத்துக்குத் தள்ளிப்போகிறது. அண்ணன் தம்பிக்குள் நின்றுபோன பேச்சு நின்றதாகவே இருக்கிறது. ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் தவறாமல் வருகிறோம். அதனால் எல்லாம் சரியாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

2019-இல் நம் ஊரில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதரைக் காண, 47 நாள்களும் மக்கள் வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நம் ஆண்டவர் நற்கருணைப் பேழையில் நாள்தோறும் காத்திருக்கிறார். எளிதாகக் கிடைக்கிறார் என்பதாலேயே அவரை எளிதாக எண்ணிவிட்டோமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோர்வைச் சேலை நெய்ய, நெசவாளருக்கு உதவியாக இன்னொருவர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பலர், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 1990-களிலும் அந்தப் பிள்ளைகள் தறியில்தான் இருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். பலருடைய உழைப்பால் நிலை வெகுவாக மாறியிருக்கிறது. ஆனால் இன்று நாம் எதற்குப் பழகியிருக்கிறோம்? கூலி கட்டாமல் தறியை விட்டுக் காவலாளி வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கா? பல ஆண்டாய் ஒரே சம்பளத்துக்கு நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அக்காவுக்கா? உள்ளம் ஆறிப்போனால் முதலில் மங்குவது பிறர் துன்பத்தைக் காணும் கண்.

அதனால்தான் இலவோதிக்கேயாவிடம், கண்ணுக்கு மருந்தும், நெருப்பில் புடமிட்ட பொன்னும், வெண்ணிற ஆடையும் தம்மிடம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் ஆண்டவர். அசல் ஜரிகையா என்று பார்க்க அதைச் சுரண்டிப் பார்க்கிறோம். மேலே எவ்வளவு மின்னினாலும், உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்றுதான் தேடுகிறோம். இன்றிரவு படுக்குமுன் ஐந்து நிமிடம், இதே சோதனையை நம் உள்ளத்துக்கும் செய்வோம். எந்த இழை அறுந்திருக்கிறது? நாளைக்கே முடியக்கூடியது எது? அந்த ஒன்றை மட்டுமாவது செய்வோம்.

அந்த மடலின் முடிவில் ஆண்டவர் கதவருகே நின்று தட்டுகிறார். அது அவரை அறியாதவர்களின் கதவு அல்ல, அவருடைய சொந்தச் சபையின் கதவு. கண்டிக்கிறவர் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. கதவைத் திறக்கும் மனத்தை அவரே நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.