நந்தவனத்தில் வாடிய மலர்



மூல வைகை பாயும் இம்மயிலாடும்பாறையில், விழாவின் இந்நாளில், நாம் முருக நாயனாரைச் சிந்திக்கின்றோம். திருப்புகலூரில் அவதரித்த அப்பெருமான் பொழுது புலருமுன் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலரையும் கொய்து, மாலை தொடுத்து, வர்த்தமானீச்சரத்து இறைவருக்குச் சாத்தி வந்தார். இது யாவரும் அறிந்த வரலாறு. ஆனால் நாள்தோறும் கொய்ய வேண்டுமானால் நாள்தோறும் செடி மலர வேண்டுமே! அதற்குரிய பணியை நாம் எண்ணுவதில்லை.

சில கோயில்களில் நந்தவனம் பசுமையாக இருக்கும், பூ இராது. அர்ச்சனைக்குச் சீலையம்பட்டிச் சந்தையிலிருந்து பூ வரும். நீர் போதவில்லை என்பர். எரு போதவில்லை என்பர். அருகே சென்று பாருங்கள். சங்குபுஷ்பக் கொடியில் காய்ந்த நெற்றுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கொடியின் நாட்டமெல்லாம் விதையில்தான். காய் பிடித்துவிட்டால் அது பெற்ற சத்தெல்லாம் காய்க்கே செல்லும். புது அரும்பு குறையும். மலர் வாடியவுடன் பிஞ்சோடு கிள்ளிவிட்டால் கொடி மீண்டும் விதைக்க முயலும். அதற்காக மீண்டும் பூக்கும்.

"சுவாமி நந்தவனத்துச் செடியைக் கிள்ளலாமா?" என்று அன்பர் சிலர் தயங்குவர். அத்தயக்கம் பக்தியிற் பிறந்ததே, ஆயினும் பொருந்தாது. வாடிய மலர் பூசைக்கு ஆகாது. இறைவனுக்குச் சாத்தப் பெறாமையால் அது நிர்மாலியமும் அன்று. பின் எதற்காக அதனைக் காத்து வைப்பது? அப்பர் சுவாமிகள் உழவாரப்படை கொண்டு திருக்கோயிற் புல்லைச் செதுக்கினாரே, அதுவும் வெட்டும் கருவிதானே! பிஞ்சு கிள்ளுதலும் அவ்வுழவாரத்தைச் சேர்ந்ததென்றே நாம் கொள்கின்றோம்.

மல்லிகைக்குக் கிள்ளுதல் மட்டும் போதாது. அது புதுத்தளிரிலேயே அரும்பு கட்டும். ஆதலின் நவம்பர் மாதக் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. அளவு நிறுத்திக் கவாத்துச் செய்வர். மொட்டையாய் நிற்கும் செடியைக் கண்டு மனம் கலங்க வேண்டா. கோடையில் அது தரும் பூவைக் கூடை கொள்ளாது.

அரளியில் எச்சரிக்கை வேண்டும். அதன் பால் நஞ்சு. நீண்ட காய்களைக் கிள்ளியவர் கை கழுவாமல் கண்ணைத் தொடலாகாது. அப்பணிக்குக் குழந்தைகளை அனுப்புவதும் தகாது. (பூக்கொய்ய வரும் சிறுவர்கள் அரளிக் கிளையை ஒடித்து விளையாடுவதை நாம் பலவிடத்தும் கண்டதுண்டு.)

எல்லா நெற்றையும் கிள்ளிவிடவும் வேண்டா. நல்ல கொடியில் நாலைந்தை முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்க. கிள்ளியவற்றில் நோய்ப்பட்டதை அப்புறப்படுத்தி, ஏனையதைச் செடியடியில் இட்டால் மட்கி எருவாகும்.

நாளைக் காலைத் தேவாரம் ஓதி முடிந்ததும் நந்தவனத்திற்குச் செல்வோம். சங்குபுஷ்பத்திற்குக் கத்தி வேண்டா, விரல் நுனியே போதும். கை கழுவ ஒரு குடம் நீர் மட்டும் யாரேனும் கொண்டு வருக.