காட்சி வேறு, சாட்சி வேறு

(போத்தனூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'சமூக ஊடகமும் நம் இளைஞர்களும்' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் காட்டமாவே பேசுங்க தோழர்" என்றும் மாணவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். காட்டம் இருக்கத்தான் செய்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் போனைத் திறந்தால் ஸ்டேட்டஸ் வரிசை கட்டி நிற்கிறது. ஒருத்தர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் டிரிப்ஸ் ஏறுகிற கையோடு செல்ஃபி. இன்னொருத்தர் வீட்டுச் சண்டையை நாலு வரியில் போட்டுவிட்டு, 'யாரையும் குறிப்பிடவில்லை' என்று ஐந்தாவது வரி போடுகிறார். இழவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று லைவ் போடுகிறவரும் உண்டு. மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் சாதிச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் நம்பர் தெரியப் போடுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். அப்புறம் கணக்கில் இருந்த பணம் போச்சென்று கவுண்டருக்கு முன்னால் வந்து அழுகிறார்கள். 1930க்கு உடனே போன் பண்ணுங்கள் என்பதைத் தவிர ஒரு கிளார்க் என்னத்தைச் சொல்ல முடியும்?

எங்கள் தெருவில் ஒரு பாட்டி கேட்டது: "ஏங்கண்ணு, நாம திங்கற சோத்தையும் நாலு பேருக்குக் காட்டோணுமாக்கு?"

இதையெல்லாம் சொல்லி 'அடக்கி வாசிங்கடா' என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அப்படி முடிக்க எனக்கு உரிமை கிடையாது. காரணம், 'அடக்கி வாசி' என்பது நமக்குப் புதுசாகச் சொல்லப்படுவதில்லை. தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள், துண்டை இடுப்பில் கட்டு, குரலைத் தாழ்த்து என்று சொன்ன அதே வாய்தான் இன்றைக்கு 'இவனுங்க எதுக்கெடுத்தாலும் வீடியோ போட்டு விளம்பரம் தேடறானுங்க' என்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனால் முதலில் விழுகிற சொல்லும் இதுதான். ஆகவே நாம் பேசுவதை நிறுத்தச் சொல்லுகிற பேச்சு இது இல்லை. பேச்சு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கிற பேச்சு.

நம்முடைய வேதனையை நாமே ஊரறியச் சொல்லும் வேலை வாட்ஸ்அப் வந்து தொடங்கியதா என்ன? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' பத்திரிகையை ஆரம்பித்தார். வசைச் சொல்லாக்கப்பட்ட பெயரையே தலைப்பில் எழுதினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைத் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. இவர்கள் எல்லோரும் கவனத்தைக் கோரியவர்கள்தான். சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் கவனம் ஒரு மனுவாக, ஒரு மாநாடாக, ஒரு சட்டமாகத் திரண்டது. பத்திரிகை ஊமைகளின் தலைவனாக இருந்தது. ஊமைகளைக் காட்டிக் காசு பார்க்கும் கூடாரமாக இருக்கவில்லை.

இன்றைக்கு இருக்கும் கூடாரம் யாருடையது? பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே கம்பெனி, மெட்டா. அதன் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ரூபாய்க்கு மேல் விளம்பரத்திலிருந்து வருகிறது. நம் கண்கள் அங்கே நிற்கும் நேரம்தான் சரக்கு. 2017இல் பேஸ்புக், கோபக் குறி உள்ளிட்ட முகக்குறிகளுக்குச் சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. பதிவை மேலே தூக்கிவிடும் கணக்கில். கம்பெனிக்குள்ளிருந்து 2021இல் கசிந்த ஆவணங்களில்தான் இது வெளியே தெரிந்தது. பிறகு அந்த மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் பாடம் மாறவில்லை. சேரியில் வீடு எரிகிற படத்தைப் பார்த்து நமக்கு வருகிற கோபமும், அதே படத்தைப் பார்த்து ஆதிக்க சாதிக்காரனுக்கு வருகிற குஷியும் அந்தக் கல்லாவில் ஒன்றுபோலத்தான் விழுகின்றன.

நம்ம ஊர்க் கதைக்கே வருவோம். 2022 செப்டம்பரில் பாலக்காடு ரோட்டில் டிடிஎஃப் வாசன் என்ற யூடியூபர், ஜி.பி.முத்துவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அசுர வேகத்தில் பைக் ஓட்டினார். அந்த வீடியோவை வைத்து வழக்குப் போட்டது நம் போத்தனூர் காவல் நிலையம். மதுக்கரை நீதிமன்றத்தில் சரணடைந்து ஜாமீனில் வந்தார். அடுத்த வருடம் செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் விபத்து, கைது, பத்து வருடத்துக்கு ஓட்டுநர் உரிமம் ரத்து. வழக்கு, சிறை, ஜாமீன் எல்லாமே அவருக்கு அடுத்தடுத்த வீடியோ ஆனது. கூட்டம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

அதைப் பார்த்துக் கடன் பைக்கில் ரீல்ஸ் போடுகிற நம்ம பையனுக்கு என்ன ஆகும்? மாதத் தவணை மூன்று நிலுவையானால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு எஃப்ஐஆர் விழுந்தால் அவனுக்கு அது அடுத்த எபிசோட் கிடையாது. போலீஸ் வேலைக்கு எழுதியிருப்பான், ரயில்வேக்கு எழுதியிருப்பான். சரிபார்ப்பில் அந்த வழக்கு வந்து நிற்கும். கையில் வீச்சரிவாளோடு தலைவர் படத்துக்கு முன்னால் போஸ் கொடுக்கும் தம்பிகளுக்கும் இதேதான். ஆதிக்க சாதிப் பையன் போட்டால் 'வயசுக் கோளாறு', நம்ம பையன் போட்டால் 'இரு தரப்பினரிடையே பகைமை'. ஒரே படத்துக்கு இரண்டு விலை. இந்த விலை வித்தியாசம் தெரியாமல் நாம் கடைவிரிக்கக் கூடாது.

சரி, விளம்பரத்தைச் சாதி எப்படிக் கையாண்டது என்று பார்ப்போம். 2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த பையன், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்படுகிறான். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல். தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவனையே செல்போனில் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். தோழர்களே, இதை நின்று யோசிக்க வேண்டும். ஒரு மனிதனை அவனுடைய சாவுக்கே பொய்ச் சாட்சியாக்குவதற்குக் கேமராவைப் பிடித்திருக்கிறார்கள்.

போலீஸ் தேடிய யுவராஜ் நூறு நாளுக்கு மேல் தலைமறைவு. ஆனால் குரல் தலைமறைவாகவில்லை. வாட்ஸ்அப்பில் ஆடியோ மேல் ஆடியோ. தொலைக்காட்சியில் பேட்டி. அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம். கொலை வழக்கில் தேடப்படுகிற ஒருவர் கொங்குப் பகுதியில் நாயகனாக்கப்பட்டது நம் கண் முன்னால்தான் நடந்தது. திட்டுவதற்காக அந்த ஆடியோக்களைப் பரப்பியவர்களும் உண்டு. கேட்டவர் எண்ணிக்கையை ஏற்றுவதில் திட்டும் புகழும் ஒன்றுதான்.

பிறகு அந்த வழக்கை எது நிறுத்தியது? யாருடைய பதிவும் நிறுத்தவில்லை. கோயில் சிசிடிவி காட்சி நிறுத்தியது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பின்னும், அந்தக் காட்சியைச் சட்டப்படி நிரூபித்து, விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்து, வழக்கறிஞர் ப. பா. மோகன் வாதாடினார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஏழு வருடம் கோர்ட்டுக்கு நடந்தது அந்தத் தாய். அந்த நடைக்கு எத்தனை லைக் விழுந்தது என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

காட்சி என்பது பார்த்தவனோடு முடிந்துபோகும். ஸ்டேட்டஸ் என்றால் இருபத்து நாலு மணி நேரம். சாட்சி அப்படி இல்லை. குறுக்கு விசாரணையில் நிற்க வேண்டும், ஏழு வருடம் கழித்தும் நிற்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் நடூரை யோசித்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில், இருபதடிச் சுவர் சரிந்து ஆதிதிராவிடர் காலனியில் பதினேழு உயிர்கள் போயின. அன்றைக்குக் காலை பத்து மணிக்குள் அந்த இடிபாடும் உடல்களும் எல்லார் போனிலும் இருந்தன. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடு என்று கேட்டவர்கள் மீது தடியடி நடந்தது; நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தகப்பன் அவர்களின் கண்களைத் தானம் கொடுத்தார். சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே முறையிட்டிருந்ததாக அந்த மக்கள் சொன்னார்கள். சுவர் நின்றுகொண்டிருந்தபோது அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. விழுந்த சுவர்தான் காட்சிக்கு ஆகும். நிற்கிற சுவர் மனுவுக்குத்தான் ஆகும். நம் தெருக்களில் நின்றுகொண்டிருக்கும் சுவர்களை யார் எழுதி வைத்திருக்கிறோம்?

இன்னொன்று பொள்ளாச்சி. 2019இல் அந்த வழக்கு வெளியே வந்தபோது, ஒரு பெண்ணின் அலறல் குரல் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. 'நியாயம் வேண்டும்' என்று எழுதித்தான் பரப்பினார்கள். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை அரசுத் தரப்பே வெளியிட்டது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். அந்தப் பெண்களின் முகம் ஊருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் நின்று சொல்ல முடிந்தது. ஊருக்கு முகம் காட்டாமலே ஜெயிக்க முடியும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

கவிஞனாக ஒரு வார்த்தை. கொலை நடந்து அரை மணி நேரத்தில் இரங்கல் கவிதை வந்துவிடுகிறது. செத்தவன் பெயர் சரியாகத் தெரியுமுன் கவிதைக்குக் கீழே 'அருமை தோழர்'. எதடா அருமை? சாவா, கவிதையா? பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தன் வாழ்க்கையைத் திறந்து வைத்த புத்தகம்தான். முப்பது வருடம் தாண்டியும் பிள்ளைகள் படிக்கிறார்கள். வலியைச் சொல்லுவதில் தப்பில்லை. வலி சொல்லாக மாறுவதற்குள் அதைச் சந்தைக்கு அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாகக் கைவேலை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வன்கொடுமை நடந்தால் படம் எடுங்கள், கட்டாயம் எடுங்கள். எடுத்த போனிலேயே அசல் இருக்கட்டும். பாட்டுச் சேர்க்காதீர்கள், வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். எடுத்த நேரம், இடம் பற்றிய தகவலும் போய்விடும். தேதி, இடம், எடுத்தவர் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்று வேண்டும். அசல் இல்லாவிட்டால் அந்தச் சான்று தடுமாறும்.

முதலில் புகார், அப்புறம் பதிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம், 18-ஏ பிரிவு, சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நடவடிக்கைகள் எல்லாம் வீடியோ பதிவு செய்யப்பட வேண்டும் என்று 15-ஏ பத்தாவது உட்பிரிவு சொல்கிறது. சட்டமே நமக்குக் கொடுத்திருக்கும் கேமரா அது. அதைக் கேட்டு வாங்கும் குரல் எத்தனை பேரிடம் இருக்கிறது?

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயர், படம், தெரு எதையும் போடாதீர்கள். 'நல்ல எண்ணத்தில்' போட்டாலும் பிஎன்எஸ் 72இல் குற்றம்தான். பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போனால் முதலில் போனைப் பைக்குள் வையுங்கள். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பேர் போதும். ஒருத்தர் பதிவுகளைக் காப்பவர், ஒருத்தர் வழக்கு எண்ணோடு கோர்ட்டுக்கு அலைபவர். இந்த இரண்டாவது ஆளுக்குத்தான் எப்போதும் பஞ்சம். அலைகிறவனுக்கு மாலை கிடையாது, அவனைப் படம் பிடிக்க ஆள் கிடையாது. இந்தக் கூட்டம் கலைவதற்குள் அந்த வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்கள் யார் என்று தெரிந்துவிட்டால், இன்று பேசியதற்கு ஒரு பயன் உண்டு.

பெயர்களை இந்த நோட்டில் எழுதுங்கள். ஸ்டேட்டஸில் வேண்டாம்.

ஜெய்பீம்.