காளைக்குத் தீனி, கர்ப்பிணிக்கு அறிவுரை



நான் அலங்காநல்லூர்க்காரி. வாடிவாசலுக்குப் போகும் காளைக்குப் பருத்திக்கொட்டை எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தத் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கும் கர்ப்பிணிப் பெண் காலையில் சாப்பிட்டாளா என்று கேட்க ஆளில்லை.

ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிரசவத்தில் ரத்தம் போனால் இவர்கள் எதை வைத்துத் தாங்குவார்கள்?

ஏழாம் மாதத்தில் என் தங்கைக்கு 8 கிராம்தான் இருந்தது. "மாதுளை சாப்பிடு, பேரீச்சை சாப்பிடு" என்றார்கள். வீட்டில் என்ன சமைப்பாய் என்று கேட்கவில்லை. மாட்டுக்கறி என்று அவளும் சொல்லவில்லை. சொன்னால் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

கீரையில் உள்ள இரும்பைவிடக் கறியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக ஏற்கும். மாட்டுக்கறியோ ஆட்டுச் சுவரொட்டியோ, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் குறையும். எதைச் சாப்பிட்டாலும் அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடக் கூடாது.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்ல விடாமல் நடுவில் நிற்பது சாதி. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் உணவுப் பட்டியலைப் போய்ப் பாருங்கள். எங்கள் கறி அதில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.