மூச்சை எண்ணினாயா?



ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சன்னதியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோயிலில் ஒரு காலத்தில் ‘ஆரோக்கியசாலை’ என்று ஆஸ்பத்திரியே நடந்திருக்கிறது. பழுதாகிக் கிடந்ததைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தி 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. அதற்கும் முன்பே, வீரராஜேந்திர சோழன் காலத்தில், திருமுக்கூடலில் ‘ஆதுலசாலை’ என்ற ஆஸ்பத்திரியில் 15 படுக்கைகள். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் 2 பேர்.

மானிட்டர் இல்லாத காலம். கண்ணும் கையும்தான் கருவி.

இப்போது திருச்சியில் ஒரு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்சிங் மாணவி சொல்கிறாள்:

“சிஸ்டர், ஏழாம் பெட் தாத்தாவுக்கு பி.பி. நார்மல். மூச்சு 20.”

“எண்ணினியா, இல்ல எழுதினியா?”

மாணவி திரும்பிப் போனாள். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, போர்வை ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். 28! கையும் ஜில்லென்று வியர்த்திருந்தது. உடனே டாக்டருக்குத் தகவல் போனது.

பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. உடம்பு கெட ஆரம்பித்தால், பி.பி. இறங்குவதற்கு முன்பே பல சமயம் மூச்சு வேகமெடுத்துவிடும். எண்ணப்போவதாகச் சொன்னாலோ, மூச்சின் போக்கே மாறிவிடும். அதனால்தான் அந்த நாடி பார்க்கும் பாவனை.

மறுநாள் தேறிய தாத்தா கேட்டார்: “கையைப் பிடிச்சிக்கிட்டே நின்னியேம்மா, ரேகையா பார்த்தே?”

“ஆமா தாத்தா, ஆயுள் ரேகை!”